கத்தரியார் குடிபோன வீடு

வீட்டு வசதி அலுவலகத்தில் அவருக்குக் கத்தரியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. பியூன் முதல் பெரிய பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் கத்தரியார்தான். அவரும் அதைப் பட்டம்போலவே சுமந்துகொண்டார். ஒரு வீட்டு வரைபடம் அவர் மேஜைக்கு வரும்போது கொழுகொழுவென்று இருக்கும். எழுந்து போகும்போது நோயிலிருந்து தேறியவனைப் போல இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் இப்படி இல்லை. முதன்முதலில் தன் கையால் வரைந்த வீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் வெயில் மறைப்பும், வாசலில் இரண்டு பேர் உட்கார ஒரு மேடையும் வைத்திருந்தார். அப்போதிருந்த பொறியாளர் அந்த மேடையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். "உட்கார" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கத்தரியாரின் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. மேடை போனது. அன்றிலிருந்து யார் எதை வரைந்தாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்க ஆரம்பித்தார். கேள்வி கேட்பவனுக்குத்தான் பதவி உயர்வு வருகிறது என்பது சீக்கிரமே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய உத்தியோக வாழ்க்கையின் உச்சம், ஊருக்கு வெளியே எழுந்த பசுமைக் குடியிருப்பு. ஏழை எளியவர்களுக்கு மலிவாகவும், இயற்கைக்குக் கேடில்லாமலும் வீடு என்பது திட்டம். மண்ணை அழுத்திச் செய்த கல்லில் சுவர், இரண்டு பக்கமும் காற்று, மழைநீர் இறங்கக் குழி, கூரைக்கு வெள்ளை பூச்சு என்று யாரோ நல்ல மனதோடு வரைந்திருந்தார்கள். கோப்பின் மேல் பெரிய பொறியாளர் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினார்: "குறைக்கவும்."

கத்தரியார் குறைத்தார். படுக்கையறையில் இரண்டாவது ஜன்னல் எதுக்கு? கதவு இருக்கிறதே, காற்றுக்கு அது போதாதா? மாடிப்படியின் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் உயர்த்தினால் படிகள் குறையும். திரும்பும் இடத்தை ஒடுக்கினால் தளமும் குறையும். வெயில் மறைப்பு போனது. ஜன்னலே போன இடத்தில் மறைப்புக்கு என்ன வேலை? மழைநீர்க் குழி போனது. குழாய் மட்டும் தப்பியது, புகைப்படத்தில் தெரியும் என்பதால். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் பாதியாக மெலிந்தது. மண் கல்லும் போய், கிடைத்த கல் வந்தது. அதற்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். திட்டத்தின் பெயரில் பசுமை இருக்கிறதல்லவா?

ஒன்றை மட்டும் அவரால் தொட முடியவில்லை: நுழைவாயில் வளைவு. இரண்டு பக்கமும் ஆள் படுக்கும் அளவுக்குச் சிமெண்டு இலைகள், நடுவில் திட்டத்தின் பெயர். அது பெரிய பொறியாளரின் சொந்தக் கற்பனை. "இது எதுக்கு?" என்ற கேள்வி கத்தரியாரின் தொண்டைவரை வந்து, மறுபடி வயிற்றுக்குள் போய்விட்டது. கை சும்மா இருக்காமல் வளைவின் உயரத்தில் மட்டும் கொஞ்சம் கிள்ளினார்.

ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்தில் விழா வைத்தார்கள். பெரிய பொறியாளர் மைக்கைப் பிடித்தார். "இவர் குறைச்ச காசுல ஒரு ஊரையே கட்டலாம். இவருக்கு வீடு இல்லைன்னு கேள்விப்பட்டேன். இவர் செதுக்கின குடியிருப்புலயே ஒரு வீட்டை இவருக்கு ஒதுக்கியிருக்கோம்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. சாவியை வாங்கும்போது கத்தரியாரின் முகத்தில் பூத்த சிரிப்பை எல்லோரும் ஆனந்தம் என்று நினைத்தார்கள். வாடகை வீட்டுக்காரர் ஏற்கெனவே காலிசெய்யச் சொல்லியிருந்ததால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

குடிபோன அன்றே வினை தொடங்கியது. அவர் மனைவி தையல்காரி. தையல் இயந்திரம் மேலே ஏறிவிட்டது, பீரோ ஏறவில்லை. படி திரும்பும் இடத்தில் அது சுவருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, மேலும் போகாமல் கீழும் வராமல் நின்றது. அதற்கு மேலே ஒரு சுமைதூக்கி, கீழே ஒருவன்.

"எந்தப் புண்ணியவான்யா இந்தப் படியை வரைஞ்சான்?" என்றான் மேலே இருந்தவன்.

கத்தரியார் கூரையை ஆராய்ந்தார்.

"யாருன்னு தெரியலையேப்பா. பெரிய மூளைக்காரராம், கேள்வி," என்றாள் மனைவி.

பீரோவைப் பலகை பலகையாகக் கழற்றித்தான் மேலே கொண்டுபோனார்கள். கட்டிலைக் கழற்றினாலும் பயனில்லை. போட்டால் அறைக்கதவு திறக்காது. பாயை விரித்தார்கள்.

வெயில் காலம் வந்தது. மத்தியானத்தில் அந்த ஒற்றை ஜன்னல் அறை இட்லிச் சட்டிபோல ஆவி விட்டது. கதவைத் திறந்தால் சமையலறைச் சூடு உள்ளே வந்தது. மூடினால் உள்ளே இருந்த சூடு வெளியே போகமாட்டேன் என்றது. மின்விசிறி அந்தச் சூட்டையே எடுத்து எடுத்துப் பரிமாறியது. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. வீடு மலிவாகத்தான் வந்தது. அதில் குடியிருப்பதுதான் மலிவாக இல்லை. ஆனாலும் கத்தரியார் விட்டுக்கொடுக்கவில்லை.

"வேர்வை உடம்புக்கு நல்லது," என்றார்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் பதிலா நம்ம ரூமைத் திறந்துவிட்டுடலாம்," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்கவேண்டியவள். மெலிந்த சுவர் வழியாக அவள் புரண்டு படுப்பது, எழுந்து முகம் கழுவுவது, மறுபடி படுப்பது, கடைசியில் அழுவது எல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. கத்தரியார் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார். மனைவி அவர் முகத்தை மட்டும் பார்ப்பாள். அது இன்னும் மோசம்.

கீழ்வீட்டில் ஒரு கொத்தனார். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுவதும், குழியில்லாத அந்தக் குழாய் வழியாக இறங்கி, நேராக அவர் வாசலுக்குள் வந்து செருப்பை விசாரிக்கும். ஒருமுறை அவர் மகளின் பள்ளிக்கூடப் பை மிதந்துகொண்டே வெளியே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புவாசிகள் எல்லோரும் கூட்டம் போட்டார்கள். நிழல் இருந்த ஒரே இடம் அந்த நுழைவாயில் வளைவின் அடி. ஆளாளுக்குக் குறைகளைக் கொட்டினார்கள். நர்ஸ் எழுந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்த வீட்டை வரைஞ்ச மனுஷன் ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், என் ரூம்ல படுத்துப் பார்க்கணும்."

"கண்டிப்பா படுக்க வைக்கணும்! இந்த மாதிரி ஆளை எல்லாம் சும்மா விடக்கூடாது!" என்றது ஒரு குரல். மற்ற எல்லாக் குரலையும்விட உரக்க ஒலித்த அந்தக் குரல் கத்தரியாருடையது. அவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

மனைவி மடியிலிருந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "அவர் தினமும் உங்க பக்கத்து ரூம்லதாம்மா படுக்கிறார்."

கத்தரியாருக்குக் காது மடல் எரிந்தது. ஓடிவிடலாம் என்றால் வெளியே போகும் வழியிலேயே அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது கையை ஓங்குவார்கள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். முதலில் சிரித்தவர் கொத்தனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி மனுஷா! நீங்களும் இந்த அடுப்புலதான் வேகுறீங்களா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "இவரைத் திட்டி என்ன ஆகப்போகுது? இவரையே சங்கத் தலைவராப் போடுங்க. அலையட்டும்," என்றாள். தண்டனை ஏகமனதாக நிறைவேறியது.

மறுவாரமே தலைவர் பழைய அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஜன்னல்கள் சுவருக்குச் சுவர் இருந்தன. எல்லாம் மூடியே கிடந்தன. உள்ளே குளிர்சாதனம் ஓடியது. அவர் இடத்தில் இப்போது அவரிடமே தொழில் கற்ற இளைய வரைவாளர் உட்கார்ந்திருந்தார். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். வீட்டுக்கு இன்னொரு ஜன்னல், வாசலில் ஒரு மழைநீர்க் குழி என்ற கோரிக்கையை மரியாதையோடு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் சரி சார். ஜன்னல்… இது எதுக்கு?"

கத்தரியார் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கேள்வி மறுபடி அவரிடமே வந்து நின்றது. "மூச்சு விட," என்றார்.

இளையவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

பெரிய பொறியாளரோ எழுந்து நின்றே வரவேற்றார். "உங்களுக்குத் தெரியாதா? நம்ம திட்டம் சுற்றுச்சூழல் விருதுக்குத் தேர்வாகப் போகுது! ஜன்னல் குறைஞ்சதால ஜன்னலுக்கான மரம் மிச்சம். காட்டைக் காப்பாத்தினது யாரு? நீங்கதான்! இந்த நேரத்துல போய் ஜன்னல் கேட்கலாமா?"

"மின்விசிறி ராத்திரி பகலா ஓடுது சார். கரண்டு எவ்வளவு போகுதுன்னு…"

"அது குடியிருக்கிறவங்க கணக்கு. நம்ம கணக்குல வராது."

விருதுக் குழு ஒரு பெரிய பேருந்தில் வந்தது. புகைப்படக்காரர்கள் முன்னாலேயே வந்து வளைவுக்கு எதிரே நின்றுகொண்டார்கள். கூரையில் பயணப்பெட்டி வைக்கும் கம்பி போட்ட உயரமான பேருந்து. வரவேற்க வாசலில் நின்ற கத்தரியார் பேருந்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். தாம் கிள்ளிய அந்த உயரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். கையாட்டி வரவேற்கிறார் என்று ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பதில் மரியாதை செய்தபடியே உள்ளே நுழைந்தார்.

யாருக்கும் அடிபடவில்லை. வளைவு மட்டும் பெருமூச்சு விட்டதுபோல மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தது. தூசி அடங்கியதும் குழுவினர், திட்டம் இயற்கையோடு எவ்வளவு சீக்கிரம் கலந்துவிடுகிறது என்று வியந்து குறித்துக்கொண்டு போனார்கள். விருதும் வந்துவிட்டது. அதோடு அலுவலகத்திலிருந்து ஓர் ஆணையும் வந்தது: இடிபாடுகளைக் குடியிருப்புவாசிகளே தங்கள் பொறுப்பில் அகற்றிக்கொள்ள வேண்டும்.

கொத்தனார் இடிபாட்டைச் சுற்றி வந்தார். ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லில் தட்டினார். மணிபோல ஒலித்தது. "தலைவரே, வீட்டுக்குப் போடாத நல்ல கல்லை எல்லாம் இதுலதான் போட்டிருக்கானுங்க. கம்பியும் முழுசா இருக்கு. அகற்றச் சொல்லிட்டாங்கல்ல? அகற்றிடுவோம். நம்ம வீட்டுப் பக்கமா."

வேலை தொடங்கியது. ஜன்னலை எங்கே திறப்பது என்பதுதான் முதல் சண்டை. வரைபடத்தில் காற்று எப்போதும் ஒரு அம்புக்குறியாகத்தான் கத்தரியாருக்குத் தெரியும். உண்மையில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை; கொத்தனாருக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மனைவி வெட்டி மிஞ்சிய துணியை நாடா நாடாவாகக் கிழித்து, குச்சிகளில் கட்டி, கட்டடத்தைச் சுற்றி நட்டுவைத்தாள். சில நாட்கள் எல்லோரும் நாடாவையே பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். சாயங்காலக் காற்று, யாரும் நினைக்காத மூலையிலிருந்து, படிக்கட்டுப் பக்கமாக வந்தது.

சுவரை உடைப்பதற்கு முன் மேலே இருக்கும் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கினார்கள். வளைவுக் கம்பியை வைத்துத் தரையிலேயே விட்டங்களை வார்த்து, இறுகியதும் திறப்புக்கு மேல் ஏற்றினார்கள். ஜன்னல் சட்டங்களைப் பழைய கட்டடங்களை இடிப்பவர்களின் கிடங்கில் பொறுக்கினார்கள். நர்ஸ் பேரம் பேசினாள். ஊசி போடுகிறவளிடம் வாதாடக் கடைக்காரருக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஒவ்வொரு மாதிரி: ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, இன்னொன்று கல்யாண மண்டபத்திலிருந்து, வேறொன்று மூடிப்போன வங்கியிலிருந்து கம்பியோடு. சிமெண்டு இலைகள் இரண்டும் உடையாமல் தப்பியிருந்தன. அவற்றை வெட்டி நர்ஸ் வீட்டு ஜன்னலுக்கும் கத்தரியார் வீட்டு ஜன்னலுக்கும் மேலே வெயில் மறைப்பாகப் பொருத்தினார்கள். இலை முதல்முறையாக ஒரு வீட்டுக்கு நிழல் கொடுத்தது.

கொத்தனார் வீட்டு வாசலில் குழி வெட்டிச் சல்லியும் மணலும் போட்டு, குழாயை அதில் இறக்கினார்கள். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கத்தரியார் மேலும் கீழுமாக ஓடினார். தாம் உயர்த்திய அந்தப் படிகளில் ஓடி ஓடி வலித்த முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

நர்ஸ் வீட்டில் புது ஜன்னல் திறந்த மறுநாள் மத்தியானம், அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. புரளும் சத்தமில்லை, முகம் கழுவும் சத்தமில்லை. கத்தரியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்க் கதவைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை கலைந்து, கண் சிவந்து அவள் வந்தாள்.

"காத்து எப்படிம்மா வருது?"

"வந்துச்சு சார். நல்லாத் தூங்கிட்டு இருந்தேன். நீங்க வந்து எழுப்புறவரைக்கும்!" படாரென்று கதவு மூடியது.

அவர் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். "திட்டிட்டா," என்றார் மனைவியிடம். "நல்லாத் தூங்கினாளாம்." மனைவி இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டு, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செய்தி அலுவலகத்துக்குப் போகாமல் இருக்குமா? இளைய வரைவாளர் கேமராவோடு வந்தார். அனுமதியில்லாமல் சுவரை உடைத்ததற்கு ஏதாவது வரும் என்று கத்தரியார் தயாராக இருந்தார். வந்தவரோ ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்துக்கொண்டு, கத்தரியாரைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் பேசினார்.

"பெரிய பொறியாளர் ரொம்ப சந்தோஷப்படுறார் சார். அடுத்த திட்டத்துக்கு இதையே முறையா எடுத்துக்கிறோம். பங்கேற்புக் காற்றோட்டம்! இனி ஜன்னலே கிடையாது. நாலு சுவர், ஒரு கதவு. ஜன்னலை மக்களே திறந்துக்குவாங்க. என்ன மிச்சம் தெரியுமா? ரெண்டாவது ஜன்னலை மட்டும் எடுத்தீங்க நீங்க. நாங்க முதல் ஜன்னலையும் எடுத்துட்டோம்! திறப்பு விழாவுக்கு நீங்கதான் சிறப்புப் பேச்சாளர்."

அன்று முழுக்கக் கத்தரியார் சாப்பிடவில்லை. "அங்கே குடிவர்றவங்களுக்கு ஒரு கொத்தனார் வேணும். இடிஞ்சு விழ ஒரு வளைவு வேணும். உன்னை மாதிரி ஒருத்தி வேணும். இதுக்கெல்லாம் எங்கே போவாங்க?" என்றார்.

"பேசக் கூப்பிட்டிருக்காங்கல்ல?" என்றாள் மனைவி. "நீளமா பேசுங்க."

விழா நாளன்று மாதிரி வீட்டுக்கு எதிரே மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பந்தல், மின்விசிறி, பனிக்கட்டி போட்ட பானம். வீடு ஒதுக்கப்பட்டவர்கள் எதிரே வெயிலில் நின்றார்கள். கத்தரியார் மைக்கைப் பிடித்தார்.

"சிக்கனத்தைப் பத்தி மேடையில நின்னு பேசக்கூடாது. வீட்டுக்குள்ள நின்னு பேசணும். பெரியவங்க எல்லாரும் உள்ளே வாங்க. அங்கேயே பேசுறேன்."

மக்கள் கைதட்டினார்கள். புகைப்படக்காரர்கள் முன்னே ஓடினார்கள். வேறு வழியில்லாமல் பெரிய பொறியாளரும் மற்ற அதிகாரிகளும் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி மாதிரி வீட்டுக்குள் போனார்கள். கத்தரியார் கடைசியாக நுழைந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு பேச்சைத் தொடங்கினார்.

அவர் அந்த அலுவலகத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். குறைத்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, காரணம் சொல்லி, அதனால் விளைந்த நன்மையைச் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலில் கோபமே இல்லை. பாராட்டுப் பேச்சில் ஒருவரை நிறுத்துவது எப்படி? மின்விசிறிக்குக் கொக்கி மட்டும் இருந்தது. விசிறி குடியிருப்பவர்களின் பங்கு. ஒருவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஒருவர் கோப்பால் விசிறிக்கொண்டார். பெரிய பொறியாளரின் முகம் பழுத்த தக்காளியாகியது.

"போதும்… சுருக்கமா…" என்றார் அவர்.

"சுருக்கறதுதானே சார் என் தொழில்? இப்போதான் படிக்கட்டுக்கே வந்திருக்கேன்."

கடைசியில் அவரைத் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். ஆற்றில் விழுந்து எழுந்தவர்களைப்போல அதிகாரிகள் ஒவ்வொருவராக வெளியே வந்ததை, வெயிலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பெரிய பொறியாளர் பந்தல் காலைப் பிடித்து நின்று மூச்சு வாங்கி, உடனே ஒரு முடிவை அறிவித்தார்: "மாதிரி வீட்டுக்கு மட்டும் உடனே ஒரு ஏசி போடுங்க!"

ஆனால் சாவி வாங்க வரிசையில் நின்றவர்கள் கலைந்துவிட்டார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, "நீங்களே நிக்க முடியலை. நாங்க எப்படி சார் குடியிருப்போம்? ஜன்னல் வெச்சுட்டுக் கூப்பிடுங்க," என்று சொல்லித் திரும்பி நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். வாங்க ஆளில்லாத சாவிகள் தட்டிலேயே கிடந்தன. அந்தப் படம்தான் மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது.

கொஞ்ச காலம் அலுவலகம் முறைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் புது வீடுகளுக்கு ஜன்னல்கள் வந்தன. ஒன்றல்ல, அறைக்கு இரண்டு, எதிரெதிரே. பெரிய பொறியாளரின் தொலைநோக்கால் இது நிகழ்ந்தது என்று பளபளக்கும் கல்லில் பொறித்து, கைக்குழந்தைக்காரியின் வீட்டு முன்சுவரில் பதித்தார்கள். திறப்பு விழாவுக்குக் கத்தரியாரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் மனைவியும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள்.

கல்லின் திரையை விலக்கினார்கள். "பாருங்க அநியாயத்தை!" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"விடு. ஜன்னல் இருக்கில்ல?"

அப்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து தன் புது ஜன்னலின் கதவை வெளிப்பக்கமாகத் தள்ளித் திறந்தாள். மரக்கதவு சுழன்று வந்து, அந்தக் கல்லின்மேல் கச்சிதமாகப் படிந்து, அதை முழுதாக மூடிக்கொண்டது. கொக்கியையும் மாட்டிவிட்டு, அவள் குழந்தையைத் தூக்கி ஜன்னலில் நிற்கவைத்தாள்.

பெரிய பொறியாளர் மூடிய கல்லைப் பார்த்தார். பிறகு அதைப் பதிக்கவேண்டிய இடத்தைக் குறித்துக்கொடுத்த இளைய வரைவாளரைப் பார்த்தார். கத்தரியாரும் அவரைத்தான் பார்த்தார். இளையவர் வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார்.